சர்ச்சில் தீவுப் பண்ணை வீடு: பெங்குவினுக்கு முன்னால் போய்ப் பார்க்க வேண்டிய இடமா?

கடலோடி:
மெல்பனில் யார் வீட்டுக்கு ஊரிலிருந்து ஆள் வந்தாலும் பிலிப் தீவுக்குப் பெங்குவின் பார்க்கக் கூட்டிப் போகிறோம். பெங்குவின் கரையேறுவது இருட்டிய பிறகுதான். அதுவரை பொழுது போக வேண்டுமே என்று பக்கத்திலிருக்கும் சர்ச்சில் தீவுப் பண்ணை வீட்டுக்குள் நுழைந்துவிடுகிறோம். நான் சொல்கிறேன், அந்த வீடு வேண்டாம். முதல் குடியேறிகள் பட்ட பாட்டைப் பார்க்கிறோம் என்று நம்பித்தான் ஆட்கள் உள்ளே போகிறார்கள். ஆனால் 1872-இல் அந்தத் தீவை வாங்கி வீடு கட்டிய சாமுவேல் ஏமஸ், மெல்பன் மேயராக இருந்தவர். கட்டட ஒப்பந்தத்தில் காசு பார்த்தவர். குடும்பத்தோடு விடுமுறைக்கு வந்து தங்கிய வீடு அது. நம் கணக்கில் சொன்னால் ஊட்டி பங்களா. இதில் என்ன பாடு, என்ன முன்னோடி?

மூனாமரம்:
விடுமுறை வீடு என்பது சரி. அதனால் பார்க்கக் கூடாது என்பது எப்படி? அந்த வீட்டுக்குப் பக்கத்திலேயே சின்னச் சின்னப் பழைய குடிசை வீடுகள் நிற்கின்றனவே, அவை ஏமஸுக்கு முன்பு, 1860-களில் அங்கே விவசாயம் செய்த ஜான் ரோஜர்ஸ் குடும்பத்தினுடையவை. மேயர் வீட்டு வராண்டாவில் நின்றுவிட்டு அந்தக் குடிசைக்குள் குனிந்து நுழைந்து பாருங்கள். இரண்டு வர்க்கமும் நாலு எட்டில் இருக்கிறது. இந்த வித்தியாசத்தை வேறு எங்கே போய் இவ்வளவு கிட்டத்தில் பார்ப்பீர்கள்?

அப்புறம், வீட்டை விடப் பழைய கதையும் உண்டு. 1801-இல் ஜேம்ஸ் கிராண்ட் என்ற பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி 'லேடி நெல்சன்' கப்பலில் வந்து அந்தத் தீவில் கொஞ்சம் நிலத்தைச் சுத்தம் செய்து கோதுமையும் மக்காச்சோளமும் விதைத்தார். இன்றைய விக்டோரியா மாநிலத்தில் ஐரோப்பியர் செய்த முதல் பயிர் அதுதான்.

கடலோடி:
விதைத்தார், சரி. அறுத்தவர் யார்? அதே ஆண்டு டிசம்பரில், கிராண்டுக்கு அடுத்து அந்தக் கப்பலுக்குத் தலைவரான ஜான் மர்ரி திரும்பி வந்தபோது பயிர் நன்றாக விளைந்திருந்தது. அதை வெட்டி, பிடித்து வைத்திருந்த அன்னக்குஞ்சுகளுக்குத் தீனியாகப் போட்டார்கள். இதற்குத்தான் இத்தனை ஆரவாரம். இன்னொன்று: இந்தச் சர்ச்சில், பிரதமர் சர்ச்சில் இல்லை. இங்கிலாந்தில் கிராண்டுக்கு விதை கொடுத்தனுப்பிய ஜான் சர்ச்சில் என்பவர். இந்தப் பக்கத்துப் பூர்வகுடிகளான புனுரோங் மக்கள் தலைமுறை தலைமுறையாக வந்துபோன மண்ணுக்கு, அதை எட்டிக்கூடப் பார்க்காத ஒருவர் பெயர். 1830-களில் இந்தக் கடற்கரைப் பக்கம் சீல் வேட்டைக்காரர்கள் அந்த மக்களின் பெண்களைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பீங்கான் தட்டையும் சரிகைத் திரையையும் பார்த்துவிட்டு வருகிறவர் மனதில் இதில் எது நிற்கும்?

தேங்காய்ப்பால்:
அண்ணா, எனக்குச் சரித்திரம் அவ்வளவாகத் தெரியாது. நாங்கள் போனபோது பசு கறந்து காட்டினார்கள். சுற்றிலும் பிள்ளைகள், கையில் கைபேசியோடு அப்பாக்கள். எங்கள் அம்மா கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "கன்று எங்கேடி? கன்றை விடாமல் கறந்தால் மாடு எப்படிப் பால் விடும்?" என்று என்னிடம் கேட்டார். நான் அதை ஆங்கிலத்தில் கேட்க, கறந்துகொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்து, வாங்களேன் என்று முக்காலியைத் தள்ளினார். அம்மா புடவையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்து, முதல் பீச்சைத் தரையில் விட்டுவிட்டுத்தான் வாளியைக் கிட்டே இழுத்தார். பெங்குவினைப் பற்றி அவர் ஊரில் யாரிடமும் பேசியதாகத் தெரியவில்லை. இந்த மாட்டைப் பற்றித்தான் பேச்சு.

கடலோடி:
தங்கச்சி, உங்கள் அம்மாவுக்கு என் வணக்கம். ஆனால் அது மாட்டுக்குக் கிடைத்த மதிப்பெண், வீட்டுக்கு இல்லை.

மூனாமரம்:
வீட்டையும் மாட்டையும் பிரிக்க முடியாது. சடைமுடி தொங்கும் ஸ்காட்லாந்து மாடுகளான ஹைலாண்ட் மாடுகளை அந்தத் தீவில் கொண்டுவந்து விட்டதே ஏமஸ்தான். ஸ்காட்லாந்துக்காரர் அல்லவா. முயல், காடை, ஃபெசன்ட் என்ற காட்டுக்கோழி வகை என்று வேட்டைக்கும் விட்டார். முயல் பெருகிப் பயிர்பச்சையைத் தின்று இந்த நாட்டை என்ன பாடு படுத்தியது என்று உங்களுக்கே தெரியும். பணக்காரனின் பொழுதுபோக்கு ஒரு நிலத்தை எப்படி மாற்றும் என்று காட்ட இதைவிட நல்ல பாடம் உண்டா? புல்வெளியில் பீரங்கி ஒன்று நிற்கும், பார்த்திருப்பீர்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரில் தெற்கத்தியர் பக்கம் சண்டை போட்ட 'ஷெனண்டோவா' கப்பல் 1865-இல் மெல்பனுக்கு வந்தது. அந்தக் கப்பல் அதிகாரிகளுக்கு விருந்து வைத்ததற்கு நன்றியாக ஏமஸுக்குக் கிடைத்த பீரங்கி என்று சொல்வார்கள். அடிமைமுறைக்காகச் சண்டையிட்ட கப்பலுக்கு மெல்பனின் பெரிய மனிதர்கள் விருந்து வைத்தார்கள். இன்று பிள்ளைகள் அந்தப் பீரங்கி மேல் ஏறி நின்று படம் எடுக்கிறார்கள். உங்கள் வாதத்துக்கு என்னைவிட அந்தப் பீரங்கிதான் சாட்சி. அதைப் போய்ப் பார்க்காதே என்கிறீர்கள்!

கடலோடி:
சாட்சியைக் கூண்டில் ஏற்றி விசாரித்தால் தகும். புல்வெளியில் அலங்காரமாக நிறுத்தினால்? அதே பிலிப் தீவில் சம்மர்லேண்ட் கதையைப் பாருங்கள். பெங்குவின் கூடு கட்டும் முனையில் விடுமுறை வீடுகள் நிறைந்திருந்தன. 1985-இல் தொடங்கி அரசு ஒவ்வொன்றாக விலைக்கு வாங்கி இடித்து, நிலத்தைப் பறவைக்கே திருப்பிக் கொடுத்தது. 2010 வரை நடந்தது. சாதாரணக் குடும்பங்களின் விடுமுறை வீடு போய்விட்டது. மேயரின் விடுமுறை வீடு மட்டும் பாரம்பரியச் சின்னம்.

மூனாமரம்:
இது நல்ல குத்து. ஆனால் ஏமஸ் வீட்டை இடித்தால் எந்தப் பெங்குவினும் அங்கே வந்து கூடு கட்டப் போவதில்லை.

நடைவண்டி:
இருவரும் வீட்டுக்குள்ளேயே நிற்கிறீர்களே. தீவைச் சுற்றி நடைபாதை இருக்கிறது. முறுக்கிக்கொண்டு வளர்ந்த மூனா மரங்கள் சில, கிராண்டின் கப்பல் வருவதற்கு முன்பிருந்தே நிற்பவை. சேற்றுப் பரப்பில் நீர் வற்றும்போது பறவைகள் இறங்கும். முதலில் அதைச் சுற்றிவிட்டு அப்புறம் வீட்டுக்குப் போனால் வீடு தானாகவே சின்னதாகிவிடும். டிசம்பரில் இருட்ட ஒன்பது மணி ஆகும், அவசரமே இல்லை. ஜூனில் ஐந்தேகாலுக்கே சூரியன் விழுந்துவிடும், காலையிலேயே போய்விடுங்கள். காற்று அடித்துத் தள்ளும், பெரியவர்களுக்குக் குல்லா எடுத்துக்கொள்ளவும்.

கடலோடி:
நடைபாதைக்கு என் ஓட்டு. வீட்டுக்கு இன்னும் இல்லை.

தேங்காய்ப்பால்:
மாடு கறக்கிற நேரத்தைக் கேட்டுக்கொண்டு போங்கள் அண்ணா. நேரம் தவறிப் போனால் வீடு மட்டும்தான் மிஞ்சும்.