காந்தத்தை நெருக்கினால் எல்.இ.டி. படிப்படியாக ஒளிர வேண்டும்: எந்த ஹால் சென்சார்?

கேள்வி: மஞ்சக்குப்பம் ஆசிரியை, கடலூர்

வணக்கம். நான் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிறேன். காந்தத்தை நெருக்க நெருக்க ஒளி கூடி, விலக்க விலக்க மங்கும் சிறு விளக்கொன்றை அறிவியல் கண்காட்சிக்காக மாணவிகள் செய்து வருகிறார்கள். காந்தப்புலத்தை உணரும் உறுப்பான ஹால் சென்சாரில் 3144 என்ற வகையைப் புதுச்சேரியில் வாங்கி, அதை 9 வோல்ட் பேட்டரி, 1 கிலோ ஓம் ரெசிஸ்டர், சிவப்பு எல்.இ.டி. ஆகியவற்றுடன் இணைத்தோம். காந்தம் ஓரிடத்துக்கு வந்ததும் விளக்கு பளிச்சென்று முழுதாக எரிகிறது. விலக்கும்போதோ, எரிந்த இடத்தைத் தாண்டிச் சற்றுத் தொலைவு போன பிறகே அணைகிறது. இணைப்பில் பிழையா, சென்சார் பழுதா?

பதில்: லாஸ்பேட்டையிலிருந்து, புதுச்சேரி

வணக்கம் அம்மா. இணைப்பும் சரி, சென்சாரும் சரி. வாங்கிய வகைதான் வேறு. 3144 வெறும் சுவிட்ச். காந்தப்புலம் ஓர் அளவைத் தாண்டினால் விளக்கை எரிய விடும். அதைவிடக் குறைந்த இன்னோர் அளவுக்கு இறங்கினால்தான் அணைக்கும். எல்லையில் நிற்கும் காந்தம் லேசாக அசைந்தாலே விளக்கு துடிக்கக் கூடாது என்பதற்காக வேண்டுமென்றே வைத்த இடைவெளி அது. மாணவிகள் அதைக் கவனித்ததே பெரிய விஷயம்.

எட்வின் ஹால் 1879இல் கண்டறிந்த விளைவில் பிறக்கும் மின்னழுத்தம் புலத்தின் வலிமைக்கேற்ப ஏறி இறங்குவது; அதை அப்படியே வெளியே தருவது 49ஈ என்னும் நேரியல் சென்சார். 5 வோல்ட் கொடுத்தால், காந்தம் இல்லாதபோது வெளியீடு ஏறத்தாழ 2.5 வோல்ட்டில் நிற்கும். எழுத்துள்ள முகத்துக்கு எதிரே தென்துருவம் வந்தால் சுமார் 4 வோல்ட் வரை ஏறும், வடதுருவம் வந்தால் இறங்கும். எல்.இ.டி.யை நேரடியாக ஓட்டும் அளவுக்கு அதற்கு வலு இல்லை. ஆகவே வெளியீட்டை பிசி547 டிரான்சிஸ்டரின் பேஸில் கொடுத்து, கலெக்டரை 5 வோல்ட்டில் சேர்த்து, எமிட்டரிலிருந்து 100 ஓம் ரெசிஸ்டர் வழியே சிவப்பு எல்.இ.டி.யைக் கிரவுண்டுக்குக் கொண்டு செல்லுங்கள். 9 வோல்ட் பேட்டரியை மட்டும் இதில் இணைக்காதீர்கள். 3144 அதைத் தாங்கும், 49ஈக்கு 6.5 வோல்ட்தான் உச்சம். செல்போன் சார்ஜரின் 5 வோல்ட் போதும்.

மஞ்சக்குப்பம் ஆசிரியை

மிக்க நன்றி ஐயா, ஒளி படிப்படியாகவே மாறுகிறது. ஆனால் காந்தம் தொலைவில் இருக்கும்வரை மாற்றமே தெரியாமல், கடைசிச் சில மில்லிமீட்டரில் சட்டென்று ஏறிவிடுகிறது. சிவப்புக்குப் பதில் வெள்ளை எல்.இ.டி. வைத்தால் காந்தத்தை ஒட்டிப் பிடித்தாலும் அரைகுறையாகத்தான் எரிகிறது.

பதில்: முதுநகரிலிருந்து, கடலூர்

சிறு காந்தத்தின் புலம் தொலைவின் கனத்துக்கு (மூன்றாம் அடுக்குக்கு) எதிர்விகிதத்தில் குறைகிறது. தொலைவு இரு மடங்கானால் புலம் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காகிவிடும். அதனால் காந்தத்தை நேரெதிராகக் கொண்டு வராமல், ஓர் அட்டைப் பள்ளத்தில் வைத்து, சென்சாருக்கு 5 மில்லிமீட்டர் விலகிய கோட்டில் பக்கவாட்டில் நகர்த்திப் பாருங்கள். ஒளி கைக்கு அடங்கி வரும்.

வெள்ளைக்கு ஏறத்தாழ 3 வோல்ட் வேண்டும். வெளியீடு 4 வோல்ட் என்றால், டிரான்சிஸ்டரில் 0.7 போக மிஞ்சுவது 3.3தான், ரெசிஸ்டருக்கு 0.3 வோல்ட்தான் மிச்சம். பள்ளியில் ஆர்டுயினோ ஊனோ (நிரல் எழுதி இயக்கும் சிறு மின்னணுப் பலகை) இருந்தால் டிரான்சிஸ்டரை விட்டுவிட்டு, சென்சாரை அனலாக் பின்னிலும், வெள்ளை எல்.இ.டி.யை 220 ஓம் ரெசிஸ்டருடன் 9ஆம் பின்னிலும் இணையுங்கள். அனலாக் பின் 0 முதல் 5 வோல்ட் வரையான மின்னழுத்தத்தை 0 முதல் 1023 வரையான எண்ணாகத் தரும். காந்தமில்லாதபோது வரும் எண் 512ஐ ஒட்டி இருக்கும், சென்சாருக்குச் சென்சார் சற்று மாறும்; அதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வரும் எண்ணிலிருந்து அதைக் கழித்து, அந்த வித்தியாசத்தின் கனமூலத்துக்கேற்ப ஒளியைக் கூட்டினால், காந்தத்தை நேரெதிரே கொண்டு வந்தாலும் சற்றுத் தொலைவிலேயே மாற்றம் கண்ணுக்குத் தெரியத் தொடங்கும்.