தலைகீழாகத் தொங்கிய கற்றாழையும் என் ஆறு எச்செவேரியாவும்

நாகர்கோவிலிலிருந்து:

போன வருடம் மே மாதம் ஆறு எச்செவேரியா வாங்கினேன். தடித்த இலையில் தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளும் சின்னச் செடி அது. கல்லில் செதுக்கிய தாமரை மாதிரி இருக்கும், பார்த்தால் விட்டுவிட்டு வர மனசு வராது. ஆடி முடிவதற்குள் ஐந்து போய்விட்டன. வெயிலில் கருகவில்லை, பூச்சியும் தின்னவில்லை. நான் ஊற்றிய தண்ணீரில்தான் செத்தன.

வாங்கிய பிளாஸ்டிக் சட்டியைக்கூட மாற்றாமல் மாடியில் வரிசையாக வைத்திருந்தேன். காலையில் பிச்சிக்கும் கனகாம்பரத்துக்கும் கோரி ஊற்றும்போது இதற்கும் ஒரு கை. ஜூனில் சாரல் பிடித்ததும் அடி இலை ஒன்று, வதக்கிய வெங்காயம் மாதிரி கண்ணாடியாகிவிட்டது. தொட்டேன், கையோடு வந்துவிட்டது. தண்ணீர் போதவில்லை போல என்று நினைத்து இன்னொரு கை ஊற்றினேன்!

அதே வீட்டு வாசலில், திருஷ்டிக்காக அத்தை கறுப்புக் கயிற்றில் தலைகீழாகக் கட்டிய கற்றாழை எட்டு மாதமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. மண் கிடையாது, தண்ணீர் கிடையாது. வேர் காய்ந்து கதம்பை நார் மாதிரி ஆகிவிட்டது. ஆனாலும் நடுக்குருத்து மட்டும் வளைந்து வானத்தைப் பார்த்து வளர்ந்திருந்தது. நான் செத்த செடிகளை வாரிக்கொண்டு போவதைப் பார்த்துவிட்டு அத்தை அதைக் காட்டிக் கேட்டார்: “அதுக்கு ஆரு மக்ளே தண்ணி ஊத்துனா?”

அப்புறம்தான் தேடிப் படித்தேன். இந்தச் செடிகள் பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு, இரவில் திறந்துதான் கரியமில வாயுவை உள்ளே இழுக்கின்றன. அதனால் உள்ளே இருக்கும் நீர் லேசில் குறையாது. எச்செவேரியாவுக்குச் சொந்த ஊர் பெரும்பாலும் மெக்சிகோ மலைப்பக்கம். நமக்கோ ஜூனில் ஒரு பருவமழை, ஐப்பசியில் இன்னொன்று, மழையில்லாத நாளிலும் கடற்காற்றின் ஈரம். இதில் நான் வேறு.

மிச்சமிருந்த ஆறாவதைச் சட்டியிலிருந்து கவிழ்த்தேன். மேலே உலர்ந்து வெளிறியிருந்தது. உள்ளே முழுக்கத் தென்னை நார்க்கழிவு, பிழிந்தால் விரலிடுக்கில் தண்ணீர் வந்தது. வேரைச் சுற்றி வலைத்துணி ஒன்று. நாற்றாக இருந்தபோது போட்டதாம். தண்டின் அடி கறுத்திருந்தது. பிளேடை ஸ்பிரிட்டில் துடைத்து, வெண்டைக்காய் நறுக்குவது போல மெல்லிய வில்லைகளாக வெட்டிக்கொண்டே வந்தேன். முதல் வில்லை கறுப்பு, அடுத்தது பழுப்பு. மூன்றாவதில் நடுவில் மட்டும் ஒரு புள்ளி. நான்காவதுதான் சுத்தமான வெளிர்பச்சை. கையில் மிஞ்சியது தலையும் அரை அங்குலக் காம்பும்.

வெளியே மழை. அதனால் ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில், அந்தச் சூடு படுகிற இடத்தில், பேப்பர் விரித்து ஐந்து நாள் வைத்தேன். வெட்டுவாய் காய்ந்து தோல் கட்டியது. மிளகு முதல் கடலை அளவு வரை உடைத்த செங்கல் இரண்டு பங்கு, சலித்துக் கழுவிய எம்-சாண்ட் ஒரு பங்கு, மக்கிய சாணி உரம் ஒரு பங்கு, கொஞ்சம் அடுப்புக்கரி, இவ்வளவுதான் கலவை. எம்-சாண்டைக் கழுவாமல் போட்டால் அதிலுள்ள தூள் சிமெண்ட் மாதிரி இறுகிவிடும், அதையும் ஒரு தடவை பட்டுவிட்டேன். சின்ன மண்சட்டியில் காம்பை ஊன்றி, தண்ணீர் ஊற்றாமல் கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன். அதுதான் பெரிய பாடு. மூன்றாம் வாரம் லேசாகத் தூக்கிப் பார்த்தால், இளஞ்சிவப்பில் நூல் நூலாக வேர்.

குலசேகரத்திலிருந்து:

அக்கா, எங்கள் பக்கத்து ஈரத்துக்கு நான் எச்செவேரியாவைக் கும்பிட்டு விட்டுவிட்டேன். ஹவொர்தியா, மருள், ஜேட், இந்த மூன்று செடியும் போதும். ஜேட் சாகாது. 2017 நவம்பர் 30, ஒக்கிப் புயல் அடித்த அன்று எங்கள் மாடிச் சட்டி விழுந்து நொறுங்கியது. சுற்றிலும் ரப்பர் மரம் சாய்ந்து கிடக்கும்போது யார் சட்டியைப் பார்ப்பார்கள்? ஒரு மாதம் கழித்து சன்ஷேடைச் சுத்தம் பண்ணினால், ஒடிந்த கிளைகள் சுவரோரச் சருகிலேயே வேர்விட்டிருந்தன. இப்போது வீட்டில் ஐந்து ஜேட் நிற்கிறது.

சட்டி மாற்றுவதை மாசி, பங்குனியிலேயே முடித்துவிடுங்கள். மழையில் மாற்றினால் வேரில் பட்ட காயம் ஆறாது. கள்ளி வகையை வெட்டும்போது கண்ணில் பால் தெறிக்காமல் பாருங்கள். நான் ஒரு ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை.

ஆரல்வாய்மொழியிலிருந்து:

இங்கே கதை நேர் எதிர். ஆனி, ஆடியில் கணவாய்க் காற்று வந்தால் காற்றாலைக்குக் கொண்டாட்டம், சட்டிக்குத் திண்டாட்டம். அக்கா சொன்ன மாதிரியே முக்கால்வாசிக் கல்லும் மணலுமாகத்தான் அடித்தண்டு பருத்த என் அடீனியச் செடிக்கும் போட்டேன். ரெண்டே நாளில் எலும்பாய்க் காய்ந்துவிடுகிறது, அடித்தண்டை அமுக்கினால் பழைய பலூன் மாதிரி உள்ளே போனது. அப்புறம் செங்கலைப் பாதியாக்கி, செம்மண்ணும் உரமும் கூட்டினேன். ஒரு வாரத்தில் தண்டு கெட்டியாகிவிட்டது. நாகர்கோவில் கலவை நாகர்கோவிலுக்குத்தான்.

மறுபடி நாகர்கோவிலிலிருந்து:

சரிதான் தம்பி, ஊர்க்கணக்கு வேறு வேறுதான். நான் இப்போது கிழமை பார்த்து ஊற்றுவதில்லை, சட்டியைத் தூக்கிப் பார்க்கிறேன். கனத்தால் அப்படியே வைத்துவிடுவேன். லேசாக இருந்து, அடி இலையும் கொஞ்சம் சுருங்கியிருந்தால்தான் தண்ணீர். ஊற்றினால் அடி ஓட்டை வழியாக வரும்வரை. இந்த ஐப்பசி மழைக்கு எச்செவேரியா அடுக்களை ஜன்னலில் இருந்தது, பக்கத்தில் இரண்டு குட்டி விட்டிருக்கிறது.

வாசல் கற்றாழையைக் கழற்றி நட்டுவிடலாமா என்று அத்தையிடம் கேட்டேன். “அது கெடக்கட்டும் மக்ளே, நல்லாத்தானே இருக்கு” என்று சொல்லிவிட்டார்.