நாய்க்கு அடிக்கடி வயிறு கெடுகிறது, உணவை மாற்றியும் சரியாகவில்லை

வாலாட்டி:
எங்கள் சுள்ளானுக்கு மூன்று வயது. ஆட்டம் பாட்டத்துக்குக் குறைவில்லை, வயிறுதான் பிரச்சினை. அடிக்கடி இளக்கமாகப் போகிறான். சில நாள் விடியற்காலையில் மஞ்சள் நுரையாக வாந்தி எடுத்துவிட்டு, ஒன்றுமே நடக்காதது போல வாலை ஆட்டிக்கொண்டு வந்து நிற்பான். ஒத்துக்கொள்ளவில்லை போல என்று ஒவ்வொரு முறையும் வேறு கம்பெனி டிரை ஃபுட் வாங்குகிறோம், கொஞ்ச நாள் நன்றாக இருக்கும், அப்புறம் பழையபடி. எடை குறையவில்லை, பூச்சி மருந்தும் தவறுவதில்லை. தானியம் இல்லாத உணவுக்கு மாறச் சொல்கிறார்கள். மாறலாமா?

நாலுகால்:
முதலில் மாற்றுவதை நிறுத்துங்கள். பாதி வயிற்றுப்போக்கு அதனால்தான் வருகிறதோ என்று சந்தேகமாக இருக்கிறது. குடலில் இருக்கும் பாக்டீரியாக்கள் புது உணவுக்குப் பழக நாள் வேண்டும். மாற்றியே ஆக வேண்டுமென்றால் 7 முதல் 10 நாள் எடுத்துக்கொண்டு, கால் பங்கு புதியது முக்கால் பங்கு பழையது என்று தொடங்கி மெல்ல மெல்லக் கூட்ட வேண்டும்.

மஞ்சள் வாந்தி பித்தநீர். இரவு சீக்கிரம் சாப்பிட்டு வயிறு நெடுநேரம் காலியாகக் கிடந்தால் சில நாய்களுக்கு இப்படி வரும். படுக்கும் முன் ஒரு கைப்பிடி உணவு கொடுத்துப் பாருங்கள், ஆனால் அதை அன்றைய அளவிலிருந்தே எடுங்கள், கூடுதலாக வேண்டாம்.

ஊசிமுனை:
கால்நடை மருத்துவமனையில் உதவியாளராக இருக்கிறேன். "லூஸ் மோஷன்" என்று மட்டும் சொன்னால் டாக்டருக்குப் போதாது. கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை, முக்கிக்கொண்டு, சளி மாதிரி வழவழப்போடு போனால் பெரும்பாலும் பெருங்குடல் கோளாறு. ஒரே தடவையில் நிறையப் போய், உடம்பும் இளைத்தால் சிறுகுடலைப் பார்க்க வேண்டும். போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், எங்களுக்கு அருவருப்பெல்லாம் கிடையாது.

மலப் பரிசோதனையும் செய்யுங்கள். ஜியார்டியா என்ற ஒட்டுண்ணி வழக்கமான பூச்சி மாத்திரை எல்லாவற்றுக்கும் சாகாது. ஒரே ஒரு நாள் மல மாதிரியில் அகப்படாமலும் போகும், வேறு வேறு நாள் மாதிரி கேட்டால் அலுத்துக்கொள்ளாதீர்கள்.

தானியத்தைப் பழி சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. நாய்களுக்கு உணவு ஒவ்வாமை வந்தால் மாட்டிறைச்சி, பால், கோழி போன்ற புரதங்களே முன்னால் நிற்கும். கோதுமையும் பட்டியலில் உண்டுதான். பாதத்தை நக்கிக்கொண்டே இருக்கிறானா, காதில் அடிக்கடி புண் வருகிறதா? ஒவ்வாமை இருந்தால் அப்படியும் காட்டும்.

ஒத்தக்கண்ணு:
எங்களுடையது வயதான நாய். வயிறு கெட்டால் தோல், எலும்பு நீக்கி வேகவைத்த கோழியும் குழைந்த சோறும்தான், உப்பு, எண்ணெய், வெங்காயம் எதுவும் சேர்ப்பதில்லை. ஒரு நாள் பட்டினி போட்டாலும் சரியாகிவிடும்.

ஊசிமுனை:
அந்தச் சோறு இரண்டு மூன்று நாளைக்கு நல்லது. மாதக்கணக்கில் அதையே கொடுத்தால் கால்சியம் முதல் பலதும் குறைந்துபோகும். பட்டினியை டாக்டரிடம் கேட்காமல் செய்யாதீர்கள், குட்டிகளுக்குக் கூடவே கூடாது, ரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். மனிதர்கள் போடும் வயிற்றுப்போக்கு மாத்திரையும் வேண்டாம். அதில் இருக்கும் லோப்பரமைடு என்ற மருந்து, கோலி (Collie) போன்ற நாய் இனங்களில் மூளை வரை போய்த் தாக்கும்.

மலம் தார் மாதிரி கறுத்தாலோ, ரத்தம் வந்தாலோ, தண்ணீர்கூட நிற்காமல் வாந்தியானாலோ அன்றே கொண்டுபோங்கள். வயிறு உப்பி, வாந்தி வராமல் வெறுமனே ஓங்கரித்தால் விடியும்வரை காத்திருக்காதீர்கள், அது இரைப்பை முறுக்கிக்கொண்டதாக இருக்கலாம்.

வாலாட்டி:
வழவழப்பு உண்டு, முக்கவும் செய்கிறான். பாதத்தை ராத்திரி முழுக்க நக்குவான், பழக்கம் என்று விட்டுவிட்டோம். தாத்தா வேறு யாரும் பார்க்காதபோது பிஸ்கட் போடுகிறார், கேட்டால் இல்லவே இல்லை என்பார்.

ஊசிமுனை:
அப்படியானால் டாக்டரிடம் விலக்கு உணவுச் சோதனை பற்றிக் கேளுங்கள். இதுவரை சாப்பிடாத ஒரு புரதம் அல்லது புரதத்தை நுண்ணியதாக உடைத்துத் தயாரித்த உணவு, சுமார் 8 வாரம், அது மட்டும்தான். பிஸ்கட், மெல்லும் எலும்பு எதுவும் கூடாது. சுவை சேர்த்த பூச்சி மாத்திரையிலும் இறைச்சிப் புரதம் இருக்கலாம், அதற்கு மாற்று கேளுங்கள். தாத்தாவிடம் அந்தச் சோதனை உணவிலேயே கொஞ்சம் தனி டப்பாவில் போட்டுக் கொடுங்கள், அவரும் ஊட்டின மாதிரி இருக்கும்.