38-வது அத்தியாயத்தில் நினைவு திரும்புகிறது, யாரும் நம்ப மாட்டேங்கிறாங்க. எங்கே இடிக்குது?

கறுப்புமை:
உளவியல் த்ரில்லர் நாவல், 42 அத்தியாயம். நாயகிக்கு 33 வயது. 2 வயதில் வீட்டில் நடந்த கொலையைப் பார்த்தவள், ஆனால் எதுவும் ஞாபகமில்லை. 38-ல் டாக்டர் ஹிப்னாடிஸம் செய்ததும் எல்லாம் படம் மாதிரி திரும்ப வருகிறது. கொன்றது சித்தப்பா. அவர் சின்ன வயதில் அடி உதை வாங்கி வளர்ந்தவர், அதனால் கொலைகாரர் ஆனார் என்று முடித்திருக்கிறேன். கைப்பிரதி படித்தவர்கள் எல்லாரும் "கடைசியில ஏமாத்திட்டீங்க" என்கிறார்கள். என்ன செய்யலாம்?

நிழல்வாசி:
முதல்ல வயதை மாத்துங்க. மூன்று, மூன்றரை வயதுக்கு முந்தைய சம்பவங்கள் பெரியவர்களுக்கு அநேகமாக நினைவில் நிற்பதில்லை. 2 வயதுக் காட்சி வசனத்தோடு திரும்பி வந்தால் விஷயம் தெரிந்தவர் புத்தகத்தை மூடிவிடுவார். 6 வயது என்று வையுங்கள்.

ஹிப்னாடிஸத்தைத் தூக்கிவிடுங்கள். அது நினைவைத் துல்லியமாக்காது, "நிச்சயமாப் பார்த்தேன்" என்ற உறுதியை மட்டும் கூட்டும். நடக்காததைக்கூட மனசு நம்பும். உளவியல் ஆய்வாளர்கள் எலிசபெத் லாஃப்டஸும் ஜாக்குலின் பிக்ரெலும் 1995-ல் வெளியிட்ட ஆய்வில், சின்ன வயதில் ஷாப்பிங் மாலில் தொலைந்துபோனதாக ஒரு கற்பனைச் சம்பவத்தை, வீட்டார் சொன்னதாக 24 பேரிடம் கொடுத்தார்கள். ஏறக்குறைய நாலில் ஒருவர் அதை முழுசாகவோ பாதியாகவோ தன் நினைவாகவே ஏற்றுக்கொண்டார்.

இன்னொன்று. கொடூரமான அனுபவத்தை மனிதர்கள் மறப்பதைவிட மறக்க முடியாமல் தவிப்பதுதான் அதிகம். அதனால் அவள் எதையும் மறக்க வேண்டாம். பார்த்தது அப்படியே இருக்கட்டும், அதன் அர்த்தம் மட்டும் 33 வயதில் புரியட்டும். ராத்திரி சித்தப்பா குழாயடியில் சட்டை துவைத்தது 6 வயதுக் குழந்தைக்கு வெறும் துவைத்தல்தான்.

அத்தியாயம்7:
நிழல்வாசி சொன்ன குழாயையே பிடித்துக்கொள்ளுங்கள். 3-வது அத்தியாயத்தில் குழாய் சொட்டும் சத்தத்துக்கு அவளால் தூங்க முடியவில்லை, எழுந்து போய் இறுக்குகிறாள். அவள் சுபாவம் என்று வாசகர் கடந்துவிடுவார். 14-ல் ஹோட்டல் அறையில் கணவன் ரொம்ப நேரமாகக் கை கழுவுகிறான், இவள் கத்துகிறாள். ஆனால் சண்டை பணத்தைப் பற்றி இருக்கட்டும், கவனம் அங்கே போய்விடும். 27-ல் அக்கா பேச்சுவாக்கில் "அன்னிக்கு விடிய விடியத் தண்ணி ஓடிச்சு" என்கிறாள். அதற்குப் பிறகு 38-ல் நீங்கள் விளக்கவே வேண்டாம். ஒரே தடயம், ஒவ்வொரு முறையும் வேறு வேலை. நாலாவது முறை வந்தால் பல் இளித்துவிடும்.

அவளே "நான்" என்று கதை சொல்வதாக எழுதுகிறீர்கள் என்றால் ஒரு விதி: அவளுக்குத் தெரியாததை மறைக்கலாம், தெரிந்ததை மறைத்தால் அது மோசடி. "ஏமாத்திட்டீங்க" என்பது பெரும்பாலும் இங்கேதான் கிளம்பும்.

குழந்தைப் பார்வைக் காட்சியை அரைப் பக்கத்துக்கு மேல் ஓட்டாதீர்கள். மேசைக்கு அடியிலிருந்து பார்த்தால் முகம் தெரியாது. ஈரக் கால், அவிழ்ந்த செருப்பு வார், தரையில் உருளும் பட்டன். மணி எத்தனை என்று அவளுக்குத் தெரியாது.

சாட்சிக்கூண்டு:
சித்தப்பாவின் காரணம் ரொம்ப மெலிசு. கேத்தி ஸ்பாட்ஸ் விடம் என்ற ஆய்வாளர் 1989-ல் வெளியிட்ட ஆய்வு, சிறுவயதில் வதைபட்டவர்களிடம் பின்னாளில் கைதாகும் வாய்ப்பு கூடுவதைக் காட்டியது. ஆனால் அவர்களில் பெரும்பாலோர் குற்றம் செய்யவில்லை. அடி வாங்கியதால் கொன்றான் என்றால் அது காரணமே அல்ல, அடி வாங்கிய வாசகரை அவமதிப்பதும்கூட. கொலைக்குச் சொத்து, மிரட்டல், மாட்டிக்கொள்வோம் என்ற பயம் மாதிரி நேரடிக் காரணம் கொடுங்கள். சிறுவயது அவர் *எப்படி* நடந்துகொள்கிறார் என்பதில் தெரியட்டும்: யாராவது குரல் உயர்த்தினால் கதவுப் பக்கம் நகர்ந்து நிற்பவர்.

அடுத்து விசாரணை. 27 வருஷம் கழித்து வரும் நினைவை மட்டும் வைத்துக் கேஸ் நிற்பது கஷ்டம், வெளியிலிருந்து ஓர் ஆதாரம் வேண்டும். உங்கள் கதைக்கு நான் சிபாரிசு செய்வது, 6 வயதில் அவள் போலீஸிடம் கொடுத்த பழைய வாக்குமூலம். குழந்தையிடம் "அப்புறம் என்ன நடந்துச்சு?" என்று திறந்த கேள்வி கேட்பதுதான் முறை. "டிரைவர் மாமா அங்க இருந்தாரு இல்ல?" என்று கேட்டால் குழந்தை தலையாட்டிவிடும். கலிஃபோர்னியாவில் 1983-ல் கிளம்பிய மெக்மார்ட்டின் பாலர் பள்ளி வழக்கில், ஆசிரியர்கள் பாலியல் தொல்லை கொடுத்தார்களா என்று குழந்தைகளிடம் இப்படித்தான் வழிகாட்டிக் கேட்டார்கள். 1990-ல் ஒருவருக்கும் தண்டனை இல்லாமல் முடிந்தது.

கறுப்புமை:
அப்படியென்றால் 6 வயதில் அவள் தலையாட்டியதால் டிரைவர் உள்ளே போயிருக்கலாமே! வாக்குமூலத்தை எப்போது காட்டுவது?

சாட்சிக்கூண்டு:
11-க்குள். கேள்வியும் பதிலுமாக ஒரு பக்கம், கருத்தே சொல்லாமல். அவள் சொன்ன ஏழு பதிலில் ஆறு "ஆமா"வாக இருக்கட்டும். ஏழாவது மட்டும் யாரும் கேட்காதது: "தண்ணி சத்தம் கேட்டுச்சு." போலீஸ்காரர் அதைத் தாண்டி அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்.

அத்தியாயம்7:
அப்படிச் செய்தால் 14-ல் உள்ள ஹோட்டல் காட்சியை எடுத்துவிடுங்கள், மூன்று முறைக் கணக்கு சரியாகிவிடும்.