சக ஊழியரின் போலி பில்லைப் பற்றி நிர்வாகத்துக்கு எழுதினால் நம் மீது வழக்கு வருமா?

கரிசல்:
எங்கள் கொள்முதல் பிரிவில் உடன் வேலை பார்க்கும் ஒருவர், ஒரே லாரி வாடகைக்கு இரண்டு முறை பில் வைத்துப் பணம் எடுத்திருக்கிறார். பில் எண்ணும் வண்டி எண்ணும் ஒன்றே. தேதி மட்டும்தான் வேறு. நிர்வாகத்துக்கு எழுதினால் அவர் அவதூறு வழக்குப் போட முடியுமா?

பொருநை:
முடியும், ஆகவே எழுத வேண்டாம் என்பேன். இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவில் அவதூறுக்கு இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு. பழைய தண்டனைச் சட்டத்தில் இருந்த இதே குற்றப்பிரிவு செல்லும் என்று உச்ச நீதிமன்றமும் 2016இல் தீர்ப்பளித்துவிட்டது. கடைசியில் விடுதலையே ஆனாலும், அதுவரை வாய்தாவுக்கு வாய்தா லீவு போட்டுவிட்டு நீதிமன்றத்துக்கு அலையப்போவது நீங்கள்தான்.

செம்பருத்தி:
பொருநை அவர்கள் அந்தப் பிரிவைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார். ஒருவர் மீது அதிகாரம் உள்ளவரிடம் நல்லெண்ணத்துடன் புகார் சொல்வது அவதூறு ஆகாது என்று அதன் எட்டாவது விதிவிலக்கு சொல்கிறது. பணியாளின் நடத்தையைப் பற்றி அவருடைய முதலாளியிடம் முறையிடுவதையே, 1860ஆம் ஆண்டின் அந்தப் பழைய தண்டனைச் சட்டத்திலிருந்தே, அதற்கு எடுத்துக்காட்டாகக் கொடுத்திருக்கிறார்கள். கரிசல் கேட்பது அச்சு அசலாக அதைத்தான்.

பொருநை:
விதிவிலக்கு இருப்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது தனக்குப் பொருந்தும் என்று காட்ட வேண்டிய பொறுப்பு, வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவருடையது. உரிய கவனம் இல்லாமல் செய்ததைச் சட்டம் நல்லெண்ணமாக ஏற்பதும் இல்லை. லாரிக்காரர் உண்மையிலேயே இரண்டு நடை வந்து, எழுதியவர் பில் எண்ணைத் தவறாகப் போட்டிருந்தால் என்ன செய்வீர்கள்?

செம்பருத்தி:
அதனால்தான் "திருடினார்" என்று எழுதக் கூடாது என்கிறேன். "இந்த எண்ணுள்ள பில்லுக்கு இந்த இரண்டு தேதிகளில் பணம் வழங்கப்பட்டிருக்கிறது, வாயில் பதிவேட்டுடன் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுகிறேன்" என்று கண்டதை மட்டும் எழுதி, விசாரிக்கும் அதிகாரிக்கு மட்டும் அனுப்புங்கள். அதே செய்தியைப் பிரிவின் வாட்ஸ்அப் குழுவில் போட்டால், எட்டாவது விதிவிலக்கின் துணை பெரும்பாலும் போய்விடும். பில்களைச் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பி வைத்துக்கொள்வதும் ஆபத்து. ரகசியக் காப்பு ஒப்பந்தத்தை மீறியதாக உங்கள் மீதே நடவடிக்கை வரலாம். அதோடு, சரிபார்த்தவர் என்ற இடத்தில் உங்கள் கையெழுத்து இருந்தால், நாளை தணிக்கையில் இது வெளிவரும்போது "தெரிந்தும் ஏன் சொல்லவில்லை?" என்ற கேள்வி உங்களிடம்தான் வரும்.

பொருநை:
எழுதும் முறையில் எனக்கு மறுப்பில்லை. வேலை போனால் யார் காப்பாற்றுவார்கள் என்பதற்குத்தான் இன்னும் பதில் வரவில்லை. முறைகேட்டை வெளிப்படுத்துவோருக்கான 2014ஆம் ஆண்டுச் சட்டம் அரசுத் துறை ஊழல் பற்றியது; அதுவும் நடைமுறைக்கே வரவில்லை. நிறுவனச் சட்டத்தின் 177ஆம் பிரிவு, புகார் செய்பவரைப் பழிவாங்காமல் காக்கும் ஏற்பாட்டைக் கட்டாயமாக்குகிறது. ஆனால் பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்டவை, பொதுமக்களிடம் வைப்புத்தொகை பெறுபவை, வங்கிகளிடமும் பொது நிதி நிறுவனங்களிடமும் 50 கோடி ரூபாய்க்கு மேல் கடன் வாங்கியவை ஆகியவற்றுக்குத்தான் அது பொருந்தும். கரிசல், உங்கள் தொழிற்சாலை இவற்றில் எதிலாவது அடங்குமா என்று முதலில் சொல்லுங்கள்.