விலை கூடிய ஃப்ளை ராட் (பூச்சி மாதிரி கட்டிய ‘ஃப்ளை’ என்ற தூண்டிலை வீசி மீன் பிடிக்கும் கம்பு) வாங்கியவர்கள் சொல்லுங்கள், கொடுத்த காசு கையில் தெரிந்ததா?

ஆறு வருஷமாக என்னிடம் இருந்தது ஒரே ஒரு ராட்தான். 9 அடி, 5-ஆம் எண் (எந்த எடை லைனுக்கு ஏற்ற ராட் என்பதைச் சொல்லும் எண்), நாலு துண்டாகக் கழற்றி வைக்கும் சாதாரண கார்பன் ராட். ரீல், லைன் எல்லாம் சேர்த்து ஒரே பெட்டியில் வந்தது. போன வருஷம் அதைப் போல எட்டு மடங்கு விலை கொடுத்து, அதே 9 அடி, அதே 5-ஆம் எண்ணில் இன்னொன்று வாங்கினேன். வாங்கும் முன் யாரிடம் விசாரித்தாலும் ‘கையில் பிடித்தால் தெரியும்’ என்றுதான் சொன்னார்கள். என்ன தெரியும் என்று ஒருவரும் சொல்லவில்லை. அதனால் எனக்குத் தெரிந்ததை நானே முதலில் எழுதுகிறேன்.

முதல் நாள் ஆற்றில் ஏமாற்றம்தான். முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, எதிர்க்கரை ஓரமாக மேலே வந்து பூச்சி தின்றுகொண்டிருந்த ட்ரௌட் மீனுக்கு வீசினேன். தூரம் 8 மீட்டர் இருந்தால் அதிகம். பழைய ராடில் எப்படி விழுமோ அப்படியேதான் ஃப்ளை விழுந்தது, மீனும் அப்படியேதான் எடுத்தது. ராடின் எடை கொஞ்சம் குறைவு என்பதால் சாயங்காலம் மணிக்கட்டு வலிக்கவில்லை, அவ்வளவுதான். இதற்கா இத்தனை காசு என்று இரண்டு வாரம் மனசு அடித்துக்கொண்டது.

அப்புறம் ஒரு நாள் புல்வெளியில், ஒரே ரீலை இரண்டு ராடிலும் மாற்றி மாற்றி மாட்டி, கூட மீன் பிடிக்க வரும் நண்பரை வீசச் சொல்லிவிட்டு, நான் பக்கவாட்டில் நின்று நுனியை மட்டும் பார்த்தேன். அன்றுதான் விஷயம் பிடிபட்டது. முன்வீச்சில் அவர் கையை நிறுத்தியதும் பழைய ராடின் நுனி கீழே குனிந்து, மேலே எழும்பி, மறுபடி குனிந்து, மூன்று நாலு தடவை ஆடிவிட்டுத்தான் அடங்கியது. ஒவ்வொரு ஆட்டமும் லைனில் ஒரு சின்ன அலையாக ஓடுவது கண்ணுக்கே தெரிந்தது. புதிய ராடின் நுனி ஒரு தடவை குனிந்தது, நிமிர்ந்தது, நின்றுவிட்டது. லைன் இழுத்துக் கட்டிய கயிறு மாதிரி நேராகப் போனது. 8 மீட்டரில் அந்த அலைகளால் ஒரு கெடுதலும் இல்லை. 18 மீட்டருக்கு வீசும்போதுதான் லைன் ராடின் வளையங்களில் உரசி உரசி வேகம் குறைந்து, கடைசியில் லீடர் (லைன் முனைக்கும் ஃப்ளைக்கும் நடுவே கட்டும் மெல்லிய நரம்பு) விரியாமல் ஒரு குவியலாக விழுந்தது. ஃப்ளை என்பது பெரும்பாலும் இறகும் நூலும்தான், அதற்கென்று சொல்லும்படி எடை கிடையாது, அதைச் சுமந்துகொண்டு போவது லைன். லைன் வேகம் இழந்தால் ஃப்ளையும் அங்கேயே நின்றுவிடும்.

ஆக, கூடுதல் காசு போன இடம் அந்த நுனி அடங்குகிற வேகம். கார்பன் இழை விறைப்பாக இருந்தால் அதே வலுவுக்குக் கார்பன் குறைவாகப் போதும், நுனி லேசாகும், ஆட்டம் சீக்கிரம் நிற்கும். இழைகளைப் பிடித்து வைக்கும் பிசினிலும் வேலை நடக்கிறது, ஹார்டி கம்பெனியின் சின்ட்ரிக்ஸ் ராட்களில் பிசினுக்குள் மிக நுண்ணிய சிலிக்கா துகள்களைக் கலக்கிறார்கள். கார்க் பிடியும் ரீல் மாட்டும் இடத்து மரவேலையும் பார்க்க அழகாக இருக்கும். அதற்கும் காசு போகிறது, ஆனால் வீச்சில் அதற்குப் பங்கு இல்லை.

*

நான் கடலோர ஆழமில்லாத தண்ணீரில் 8-ஆம் எண் வைத்துப் பிடிக்கிறவன். மேலே எழுதியவர் சொன்ன 18 மீட்டர்தான் எனக்கு அன்றாடத் தூரம், அதுவும் எதிர்க்காற்றில். மீன் தெரிந்த நேரத்திலிருந்து அது திரும்பிப் போகும் வரை மூன்று நாலு விநாடிதான். ஒரு பின்வீச்சு, ஒரு முன்வீச்சு, அதற்குள் ஃப்ளை மீனின் மூக்குக்கு ஒரு மீட்டர் முன்னால் போய் விழ வேண்டும். இதற்கு விலை கூடிய ராட் வேண்டும் என்று தயங்காமல் சொல்வேன். விலை குறைந்த ராடில் நாலு தடவை முன்னும் பின்னும் வீசி லைனை நீட்டுவதற்குள் மீன் போய்விட்ட நாட்கள் எனக்கு நிறைய.

ஆனால் உடைந்த கதையையும் சொல்ல வேண்டும். ஈயக்கண் வைத்த கனமான ஃப்ளை, பின்பக்கமிருந்து காற்று. முன்வீச்சில் அது தாழ்ந்து வந்து ராடின் மேல் ‘டிக்’ என்று அடித்தது. எடுத்துப் பார்த்தேன், கீறல் கூடத் தெரியவில்லை, விரலால் தடவியும் ஒன்றும் தட்டுப்படவில்லை. இரண்டு நாள் கழித்து உள்ளங்கை நீளமே இருந்த ஒரு மீனைத் தூக்கும்போது அதே இடத்தில் முறிந்தது. விறைப்பான கார்பன், மெல்லிய சுவர், ஓர் அடி பட்டால் வெளியே காட்டாது, உள்ளே இழை அறுந்திருக்கும். வாங்கும்போது யாரும் இதைச் சொல்வதில்லை.

உத்தரவாதம் இருக்கிறதே என்பார்கள். ஆர்விஸ் கம்பெனி 25 வருஷம் கொடுக்கிறது, சிலர் ஆயுள் முழுக்க என்கிறார்கள், அது பெரும்பாலும் முதலில் வாங்கியவருக்கு மட்டும். என்னுடையது இரண்டாம் கையில் வாங்கிய வேறொரு கம்பெனியின் ராட். அவர்கள் கைவிரித்துவிட்டார்கள். ஒரு துண்டை மட்டும் காசு கொடுத்து வாங்கி, அது வந்து சேர ஏழு வாரம் காத்திருந்தேன், அந்த வருஷத்தின் நல்ல நாட்கள் அதிலேயே போயின. உத்தரவாதத்துக்கும் சேர்த்துத்தான் விலை வாங்குகிறார்கள் என்பதால், இரண்டாம் கையில் வாங்குகிறவர்கள் இதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

*

சின்ன ஓடைகளில் மட்டும் மீன் பிடிக்கிறவர்களுக்கு இந்தக் கவலையே வேண்டாம். என் ராட் ஏழடி, 3-ஆம் எண், ஃபைபர் கிளாஸ். மரக்கிளைக்குக் கீழே 5 மீட்டர் வீச இடம் கிடைத்தாலே பெரிது. மெதுவாக வளைகிற ராட் என்பதால் வெளியே லைன் கொஞ்சமே இருந்தாலும் அதன் கனம் கையில் தெரியும். வேகமான, விறைப்பான ராடை ஒருவர் கொடுத்து அதே ஓடையில் வீசிப் பார்த்தேன், குச்சியைப் பிடித்து ஆட்டுவது போல இருந்தது, வளையவே இல்லை. விலை அதற்குத்தான் அதிகம்.

*

பல வருஷமாக வீசக் கற்றுக்கொடுக்கிறேன். மூன்று பேரும் ராடைப் பற்றி எழுதினீர்கள், லைனைப் பற்றி யாரும் எழுதவில்லையே!

ராடில் எழுதியிருக்கும் எண் லைனின் எடையைக் குறிக்கிறது. 5-ஆம் எண் என்றால் லைனின் முதல் 30 அடி 140 கிரெயின், அதாவது சுமார் 9 கிராம். 8-ஆம் எண் என்றால் 210 கிரெயின். இது அளவுகோல், ஆனால் இப்போது வரும் பல லைன்கள் வேண்டுமென்றே அரை எண்ணோ ஓர் எண்ணோ கூடுதல் கனத்தில் வருகின்றன, ராட்கள் அவ்வளவு விறைப்பாகிவிட்டன. போன மாதம் வகுப்புக்கு வந்த ஒருவர் கையில் மிக உயர்ந்த ராட் இருந்தது. லைன் மட்டும் பழையது, மேல்பூச்சு வெடித்து, அழுக்கேறி, விரலுக்கு நடுவே இழுத்தால் சொரசொரவென்றிருந்தது. அவருக்கு 10 மீட்டர் தாண்டவில்லை. ராடில்தான் ஏதோ குறை என்று நினைத்துக்கொண்டிருந்தார். என் ரீலை மாட்டிக் கொடுத்தேன், அதே கை, அதே ராட், மூன்றாவது வீச்சில் 15 மீட்டர் போனது. அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

இன்னொன்று. கார்பன் ஃப்ளை ராட்கள் கடைக்கு வந்தது 1970-களில். அமெரிக்க வீச்சு வீராங்கனை ஜோன் வுல்ஃப், மற்றவர்கள் எல்லாரும் ஆண்களாக இருந்த தூர வீச்சுப் போட்டியில் வென்றது 1951-இல், 161 அடி வீசியது 1960-இல். கார்பனே இல்லாத காலத்து ராடில்! கையை எங்கே, எவ்வளவு சட்டென்று நிறுத்துவது என்பதில்தான் அந்தத் தூரம் இருந்தது. புதிதாகக் கற்பவர்கள் வேகமான ராட் வாங்கினால், அது வளைவதையே உணர மாட்டார்கள், உணராததை எப்படித் திருத்துவது? நடுத்தர விலையில் நடுத்தர வேக ராட், நல்ல லைன், வாரம் இரண்டு நாள் அரை மணி நேரம் புல்வெளி. ஒரு வருஷம் இப்படிப் போகட்டும், அப்புறம் விலை கூடிய ராடைக் கையில் எடுங்கள்.

*

முதலில் எழுதியவன் மறுபடி. லைன் விஷயம் என்னை உறுத்தியது. நான் சோதித்தது பெட்டியில் வந்த அந்த ஆறு வருஷ லைனில், அதைத்தான் இரண்டு ராடிலும் மாட்டியிருந்தேன். நேற்றுப் புது லைன் வாங்கிப் பழைய ராடில் மாட்டி அதே புல்வெளிக்குப் போனேன். 12 மீட்டர் வரை இரண்டுக்கும் வித்தியாசம் சொல்லவே முடியவில்லை. 15-இல் கொஞ்சம். 18-இல் பழையதின் நுனி அதே மாதிரிதான் ஆடியது, ஆனால் லீடர் பத்தில் ஆறு தடவை விரிந்து விழுந்தது, முன்பு ஒன்று கூட விழாது. இது முன்னாலேயே தெரிந்திருந்தால் புது ராட் வாங்குவதை இன்னும் இரண்டு வருஷம் தள்ளிப் போட்டிருப்பேன் என்பதை மறைக்காமல் சொல்கிறேன். வாங்கியதில் வருத்தம் இல்லை, வருகிற மாதம் பெரிய ஏரிக்குப் போகிறேன், அங்கே காற்றும் தூரமும் உண்டு.

பழைய ராடை விற்பதாக இருந்தேன், இனி இல்லை. அக்கா மகள் வீசக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ரொம்ப நாளாகக் கேட்கிறாள். புது லைன் அதிலேயே இருக்கட்டும், எனக்கு வேறு வாங்கிக்கொள்கிறேன்.