புதுப்பிப்பு: ஒற்றை ஃபின் பலகைக்கு எந்த அளவு?

9 அடி 4 அங்குலச் சர்ஃப் பலகைக்கு எத்தனை அங்குல ஃபின் (பலகையின் அடியில் பின்பக்கம் பொருத்தும், மீன்துடுப்பு போன்ற பாகம்) போடலாம் என்று கேட்டிருந்தேன். பலரும் சொன்னது ஒன்றுதான்: அடிக்கு ஓர் அங்குலம். சரியென்று 9.5 அங்குலத்தில் வாங்கி, திருகோணமலை உப்புவெளியில் வாடைக்கடல் எழும்பினதும் இறங்கினேன். நேராகப் போவதில் குறையில்லை, திருப்பும்போதுதான் பிடிவாதம். ஓர் அண்ணா சொன்னபடி திருகாணியைத் தளர்த்தி, ஃபின்னை பாக்ஸுக்குள் (அது செருகி நிற்கும் பள்ளம்) ஒரு விரலளவு முன்னுக்குத் தள்ளினேன். பலகை இளகிவிட்டது! பின்னுக்கு இழுத்தால் மறுபடி இறுக்கம்.

அப்புறம், நிமிர்ந்த அகல ஃபின், பலகையின் நுனிவரை நடக்கிறவர்களுக்கு. எனக்கு அந்த வித்தை இன்னும் வரவில்லை. அகன்று திரும்ப, பின்னோக்கிச் சாய்ந்த ஃபின்னே போதும். திருகாணியோடு வரும் சின்னத் தகடு மணலில் விழுந்தால் அவ்வளவுதான், மேலதிகமாக ஒன்று வைத்திருங்கள்.